நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும்: காரணத்தையும் அறிகுறியையும் கண்டறியும் முறை

மதுரை செல்லூரில் மருந்துக்கடை வைத்து எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. இரவு பத்து மணிக்குக் கடையை எடுத்து வைக்கும் வேளையில் வந்து, "கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்பவர்கள் இல்லாத நாள் கிடையாது. என்ன செய்கிறது என்று கேட்டால், ஒருவர் நெஞ்சுக்குழியில் விரலை வைத்துத் தொண்டை வரை மேல்நோக்கி இழுத்துக் காட்டுவார். இன்னொருவர் தொப்புளுக்கு மேலே ஓரிடத்தைத் தொட்டு அமுக்கிக் காட்டுவார். வேறொருவர் உள்ளங்கையை விரித்து நெஞ்சு முழுவதையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார். மூவரும் சொல்வது "கேஸ்" என்ற ஒரே சொல்தான் என்றாலும், முதலாமவருக்கு இருப்பது பெரும்பாலும் இரைப்பை அமிலம் மேலேறி வரும் அமில எதுக்களிப்பு, இரண்டாமவருக்கு அஜீரணமாகவோ வயிற்றுப் புண்ணாகவோ இருக்கலாம், மூன்றாமவருக்கு நான் மாத்திரையே கொடுப்பதில்லை.

அந்த மூன்றாமவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சை இறுக்குவது போன்ற அழுத்தம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, நடந்தால் கூடி உட்கார்ந்தால் தணியும் வேதனை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு சோடா குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில வேளைகளில் வெறும் நெஞ்செரிச்சலைப் போலவே தோன்றும். ஐயம் இருந்தால் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வயிற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி எதுக்களிப்புக்கு வருவோம். வாயிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, இறங்கியதும் இறுக மூடிக்கொள்வதுதான் அதன் வேலை. இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே அந்தத் தசை தளர்ந்தாலோ, வேளை கெட்டுத் திறந்தாலோ, அமிலம் மேலேறிக் குழாயைச் சுடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரப்பதில்லை. மூட வேண்டிய கதவு சரியாக மூடுவதில்லை. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால், "குழம்பில் மிளகாயையே விட்டுவிட்டேன், இன்னும் எரிகிறதே" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மிளகாய் ஏற்கெனவே புண்பட்ட குழாயை எரிய வைக்கும். கதவைத் திறந்து வைப்பவை பெரும்பாலும் வேறு.

அவற்றில் எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்துவது இரவுச் சாப்பாடு. விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் நின்று வேலை பார்த்துவிட்டுப் பதினோரு மணிக்கு நான்கு பரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் சால்னாவும் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுப்பவரின் இரைப்பை அப்போது நிறைந்து விரிந்திருக்கும். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு இறங்கப் பல மணி நேரம் ஆகும். கொழுப்பு அந்தத் தசையையும் தளர்த்தும். படுத்துவிட்டால் அமிலத்தைக் கீழே நிறுத்தி வைக்கும் புவியீர்ப்பின் உதவியும் போய்விடும். இதே பரோட்டாவை அவர் மாலை ஏழு மணிக்கு இரண்டோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு தொல்லை இருந்திருக்காது. குளிர்ச்சி என்று எண்ணி அதன் மேல் ஜிகர்தண்டா குடிப்பவர்களும் உண்டு. சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் தொண்டையில் இறங்கும்போது இதமாகத்தான் இருக்கும். சற்று நேரத்தில் அந்தக் கொழுப்பே எரிச்சலைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். சோடாவும் அப்படியே: ஏப்பம் வந்ததும் நெஞ்சு லேசானது போலிருக்கும், ஆனால் ஒவ்வொரு ஏப்பத்துக்கும் அந்தக் கதவு திறந்தாக வேண்டும்.

தொப்பையும் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும் இடுப்பு பெல்ட்டும் வயிற்றைக் கீழிருந்து அழுத்துகின்றன. பீடி, சிகரெட், மது ஆகியவை தசையைத் தளர்த்துகின்றன. காபி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தாலும் வளரும் கருப்பையின் அழுத்தத்தாலும் வரும் எரிச்சல் பெரும்பாலும் பிரசவத்தோடு தீர்ந்துவிடும். இரைப்பையின் மேற்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் துளை வழியே நெஞ்சுக்குள் ஏறிவிடும் இரைப்பை ஏற்றம் என்ற கோளாறும் ஒரு காரணம்.

மருந்துகளும் காரணமாகலாம் என்பதைப் பலர் நினைத்தும் பார்ப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் போன்றவை அந்தத் தசையைத் தளர்த்தக்கூடும். மூட்டு வலிக்குத் தானாக வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரோபென் ஆகியவை இரைப்பையைப் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டு உடனே படுத்தால், அது குழாயிலேயே ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைச் சுட்டுவிடும். ஆனால் மருத்துவர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எரிச்சலைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

அறிகுறியைக் கண்டுகொள்ள, எரிச்சல் எந்த நேரத்தில், உடம்பு எந்த நிலையில் இருக்கும்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள், படுத்ததும், குனிந்ததும் வருவது எதுக்களிப்பின் அடையாளம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா, விடியற்காலையில் மல்லிகைப் பூப் பறிக்கச் செடியின் மேல் குனியும்போதெல்லாம் புளித்த நீர் தொண்டைக்கு வந்துவிடுவதாகவும், நிமிர்ந்து நின்றால் இறங்கிவிடுவதாகவும் சொன்னார். இதைவிடத் தெளிவான விவரத்தை நான் எந்த நோயாளியிடமும் கேட்டதில்லை. திடீரென வாய் நிறைய உப்புநீர் ஊறுவதும் இதில் சேர்ந்ததே. இதற்கு மாறாக, வெறும் வயிற்றிலோ நள்ளிரவிலோ மேல்வயிற்றில் ஓரிடத்தில் பிடுங்குவது போன்ற வலி வந்தால் வயிற்றுப் புண்ணைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியோ வலி மாத்திரைகளோ காரணம். அந்தக் கிருமியைக் கண்டறிந்த இருவருக்கு 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எல்லா எரிச்சலையும் "அல்சர்" என்று அழைக்கும் பழக்கத்தால் இரண்டுக்குமான மருத்துவமும் குழம்பிவிடுகிறது.

நெஞ்சே எரியாத எதுக்களிப்பும் உண்டு. காலையில் எழுந்ததும் குரல் கம்மியிருப்பது, அடிக்கடி தொண்டையைச் செருமுவது, தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்திருப்பது போன்ற உணர்வு, இரவில் கூடும் வறட்டு இருமல், பற்களின் உட்புறம் தேய்ந்து கூசுவது ஆகியவை அதன் முகங்கள். மூன்று மாதமாக இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவருக்கு, இரவு உணவை முன்னதாக மாற்றி, மருத்துவர் தந்த அமிலக் குறைப்பு மாத்திரையை ஒழுங்காக எடுத்த பிறகே இருமல் அடங்கியது. இருமல் எல்லாம் இதனால்தான் என்று சொல்லவில்லை. காசநோயும் ஆஸ்துமாவும் இல்லை என்று பார்த்த பின் இதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டில் குறித்துவையுங்கள்: சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, படுத்த நேரம், எரிந்த நேரம், எடுத்த மாத்திரைகள். அந்த இரண்டு வாரங்களிலேயே செய்யத்தக்கவை சில உள்ளன. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை குழாயின் வாய்க்குக் கீழே அமையும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஆடாதபடி வைத்தால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரும். தலையணைகளை அடுக்குவது பயன்படாது, ஏனெனில் இடுப்பு மடிந்து வயிறு மேலும் அழுந்தும். எடை கூடியிருப்பவர்கள் சிறிதளவு குறைத்தாலே வேறுபாடு தெரியும்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் ஆகிய மாத்திரைகளை வாங்குபவர்களில் பலர் எரிந்த பிறகு, சாப்பாட்டுக்குப் பின் எடுக்கிறார்கள். காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு எடுத்தால்தான் அமிலம் சுரக்கத் தொடங்கும் வேளையில் அவை வேலை செய்யும். எரியும் நேரத்து உடனடி ஆறுதலுக்கு அமில முறிப்பு மருந்தே ஏற்றது. இரண்டு வாரம் எடுத்தும் அடங்கவில்லை என்றால் என்னிடம் அடுத்த அட்டை கேட்டு வராதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

சோறு நெஞ்சில் நின்று இறங்க மறுப்பது, விழுங்கும்போது வலிப்பது, காரணமின்றி எடை குறைவது, இரத்த வாந்தி அல்லது காபித்தூள் நிற வாந்தி, தார் போலக் கறுத்த மலம், சோகை, 55 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இரத்தமோ கறுத்த மலமோ என்றால் அன்றே போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் இதற்கான சிறப்புப் பிரிவு உண்டு. கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டாஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் எதுக்களிப்பு இல்லை என்று ஆகாது. குழாயில் புண் படாமலேயே எரிச்சல் படுபவர்கள் பலர், அவர்களுக்கு 24 மணி நேர அமில அளவீட்டுப் பரிசோதனை தேவைப்படலாம். போகும்போது அந்த நோட்டையும், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே "கேஸ்" என்றோ "அல்சர்" என்றோ சொல்லாமல், எங்கே, எப்போது, எப்படிப் படுத்திருக்கும்போது எரிகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.