டோபார் நீங்களே பொருத்துகிறீர்களா? பலரும் சறுக்குகிற இடங்கள் இவை

டோபார் என்பது ட்ரெய்லரை இழுக்கக் காரின் பின்புறம் பொருத்தும் இரும்புச் சட்டம்; அதன் நுனியில் இருக்கும் உருண்டையில்தான் ட்ரெய்லர் மாட்டும். பம்பரைக் கழற்றி, அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து, போல்ட் முறுக்குவது பார்க்கத்தான் பெரிய வேலை. கையில் கருவியும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் அது ஒரு பகலில் முடிந்துவிடும். தவறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே, வாங்கும்போது நடந்துவிடுகின்றன. மீதி வயரிங்கில் நடக்கின்றன.

காரால் எவ்வளவு இழுக்க முடியும் என்று பார்க்காமல் வாங்குவது

டோபார் மீது அச்சிட்ட எடை அந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது வேறு கணக்கு. அதற்குக் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் சேஸிஸ் எண் தகட்டைப் பாருங்கள். பல கார்களில் அதில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும்: சுமையோடு காரின் உச்ச எடை, காரும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை, முன் ஆக்சில், பின் ஆக்சில். முதல் எண் 1,900 கிலோ, இரண்டாவது 3,200 கிலோ என்றால், முழுச் சுமையில் இருக்கும் காருக்குப் பின்னால் 1,300 கிலோ வரை இழுக்கலாம். இரண்டாவது எண்ணே இல்லை என்றால், தயாரிப்பாளர் இழுக்க அனுமதி தராத கார் என்று சந்தேகப்பட்டு, கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் இது சகஜம். ஒரே மாடலில் டீசலுக்கு ஓர் அளவு, பெட்ரோலுக்கு வேறு அளவு என்பதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் அதே மாடலில் கேரவன் இழுக்கிறார் என்பது ஆதாரமாகாது. டோபார், இழுப்பு எடை, பதிவு பற்றி உங்கள் நாட்டில் உள்ள விதிகளையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

டி மதிப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது

ஐரோப்பிய முறையில் அங்கீகாரம் பெற்ற டோபாரின் தகட்டில் இரண்டு எண்கள் முக்கியம். டி மதிப்பு, வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் இடையே நீளவாக்கில் வரும் விசையை எவ்வளவு தாங்கும் என்று கிலோநியூட்டனில் சொல்கிறது. எஸ் மதிப்பு, உருண்டையின் மீது செங்குத்தாக எவ்வளவு கிலோ அழுத்தலாம் என்று சொல்கிறது.

தேவையான டி மதிப்பை நீங்களே கணக்கிடலாம். காரின் உச்ச எடையையும் ட்ரெய்லரின் உச்ச எடையையும் டன்னில் எழுதுங்கள். இரண்டின் பெருக்கலை இரண்டின் கூட்டலால் வகுத்து, 9.81ஆல் பெருக்குங்கள். மேலே சொன்ன காருக்கு: 1.9 × 1.3 = 2.47, அதை 3.2ஆல் வகுத்தால் 0.772; 9.81ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 7.57. தகட்டில் 7.2 என்றிருக்கும் டோபாரை மாட்டினால், அதே கார் 1,195 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. கார் கனமாக ஆக, அதே டோபாரில் இழுக்கக்கூடிய எடை குறையும். வேறு காரிலிருந்து கழற்றிய பழைய டோபாரை வாங்குபவர்கள் மறக்கும் விஷயம் இது.

செங்குத்துச் சுமையில் இன்னொரு பொறி. உருண்டையில் 75 கிலோ அழுத்தினால் பின் ஆக்சிலில் 75 கிலோதான் கூடும் என்று நினைப்பார்கள். உருண்டை பின் சக்கரத்துக்கு வெளியே தள்ளி இருப்பதால் அது நெம்புகோலாக வேலை செய்கிறது. சக்கர இடைவெளி 2.6 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து உருண்டை 1.04 மீட்டர் என்றால், பின் ஆக்சிலில் 105 கிலோ ஏறும், முன் ஆக்சிலில் 30 கிலோ குறையும். டிக்கியையும் நிரப்பினால் பின் ஆக்சில் வரம்பு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தாண்டிவிடும். அதற்காக உருண்டையில் அழுத்தும் ட்ரெய்லரின் முன்பக்கச் சுமையையே எடுத்துவிடுவதும் தப்பு. ட்ரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் உருண்டையில் அழுத்தாவிட்டால், வேகத்தில் வால் ஆடத் தொடங்கும்.

உருண்டையின் அளவும் உயரமும்

50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் ஒன்றல்ல. 2 அங்குலம் என்பது 50.8. அந்த 0.8 வித்தியாசத்தில் கப்ளிங் (உருண்டையைக் கவ்வும் ட்ரெய்லர் முனை) முழுதாக உட்காராமல் போகலாம், அல்லது லொடலொடவென்று ஆடித் தேயலாம். 1⅞ அங்குல உருண்டையின் விட்டம் 47.6 மட்டுமே. அதன்மீது 50 கப்ளிங்கை மாட்டினால், பூட்டியதுபோல் தெரிந்தாலும் ஒரு பெரிய பள்ளத்தில் தூக்கி வெளியே வந்துவிடும். 50 உருண்டை தேய்ந்து 49க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

50 மில்லிமீட்டர் உருண்டைக்கு ஐரோப்பிய அளவுகோலில் உயரம், தரையிலிருந்து உருண்டையின் மையம் வரை 350 முதல் 420 மில்லிமீட்டர். இது முழுச் சுமை ஏற்றிய காருக்கானது. காலிக் காரில் அளந்துவிட்டு, உயரம் அதிகம் என்று உருண்டையை இறக்கும் தகடு வாங்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. சுமை ஏறியதும் காரின் பின்புறம் எப்படியும் தாழும்.

உராய்வு வகை ஸ்டெபிலைசர் (உருண்டையை இறுக்கிப் பிடித்து ட்ரெய்லரின் ஆட்டத்தைக் குறைக்கும் அமைப்பு) உள்ள கப்ளிங் என்றால் உருண்டையில் கிரீஸ் தடவக் கூடாது, புது உருண்டையின் பெயின்ட்டையும் தேய்த்து எடுக்க வேண்டும். சாதாரணக் கப்ளிங்குக்குக் கிரீஸ் வேண்டும்.

போல்ட் வேலையில்

முதல் போல்ட்டை மாட்டியதும் முழுதாக முறுக்கிவிடுவது பொதுவான அவசரம். அப்படிச் செய்தால் மறுபக்க ஓட்டைகள் நேராக வராது. உடனே டிரில்லை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கத் தோன்றும். எல்லாப் போல்ட்டையும் கையால் மாட்டி, சட்டத்தை நடுவில் நிறுத்தி, பிறகே டார்க் ரென்ச்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். சட்டம் 20 கிலோ அளவில் இருக்கும், தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். சைலென்சரை இறக்க வேண்டியிருந்தால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். தானாகத் தொங்கவிட்டால் முன்னால் உள்ள வளையும் குழாய் கிழியலாம்.

டோபார் உட்காரும் இடத்தில் தடித்த அடிப்பூச்சும் மெழுகும் இருந்தால் சுரண்டி எடுங்கள். மென்மையான அந்த அடுக்கு அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கி வெளியேறும். போல்ட் தளராமலேயே அதன் இறுக்கம் போய்விடும். சுரண்டிய இடத்தில் மெல்லிய பிரைமர் போதும்.

பெட்டி வடிவச் சேஸிஸில் துளை போடச் சொல்லியிருந்தால் வழிமுறையை இரண்டு முறை படியுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் போல்ட் அளவுக்குச் சிறிய துளை, மறுபக்கம் இடைக்குழாய் நுழையும் பெரிய துளை. இரண்டையும் பெரிதாகப் போட்டால் குழாய்க்கு முட்டுக்கொடுக்க இடம் இருக்காது. குழாயே இல்லாமல் முறுக்கினால் பெட்டி நசுங்கும், எவ்வளவு முறுக்கினாலும் இறுகவே இறுகாது. துளை போட்ட இடத்தில் இரும்புத் தூளை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துரு தடுப்பு பூசுங்கள். வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். உயர்வலிமை ஸ்டீல் சூட்டில் பலம் இழக்கும்.

டார்க் அளவு டோபாருடன் வரும் தாளில் இருப்பதுதான் சரி. 8.8 தர (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) எம்10 போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டரை ஒட்டியும், எம்12க்கு 80ஐ ஒட்டியும் இருக்கும். 10.9 தரத்துக்கு அதைவிட அதிகம். தாளில் 10.9 என்று இருக்கும்போது கைக்குக் கிடைத்த 8.8ஐப் போட்டு, 10.9 அளவுக்கு முறுக்கினால் போல்ட் நீண்டுவிடும். பழைய பூட்டு நட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

பம்பருக்குள் இருந்த மோதல் தாங்கும் சட்டத்தைப் பல டோபார்களில் எடுத்துவிடச் சொல்வார்கள், டோபாரின் குறுக்குச் சட்டமே அந்த இடத்தை நிரப்பும். எடுக்கச் சொல்லாத மாடலில் எடுத்துவிடாதீர்கள். எடுத்ததைப் பழைய இரும்புக்காரரிடம் போடவும் வேண்டாம், டோபாரைக் கழற்றும் நாளில் அது வேண்டும்.

வயரிங்

பின்விளக்கு வயரைக் கீறி, கடித்துப் பிடிக்கும் கிளிப்பால் இணைப்பு எடுப்பது பழைய காரில் ஓரளவுக்கு ஓடியது. இன்றைய காரில் விளக்குகளைக் கட்டுப்பாட்டு மாட்யூல் இயக்குகிறது. ஒவ்வொரு வெளியீடும் அந்த விளக்குக்கு மட்டும் கணக்கிட்டது. கூடுதலாக 21 வாட் பல்பு ஒன்றை ஏற்றினால் பிழை விளக்கு எரியலாம், மாட்யூலே போகவும் செய்யலாம். அந்த பல்பு மட்டுமே 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் கேட்கும். காரின் மாடலுக்கென்று வரும் வயரிங் கிட்டோ, பேட்டரியிலிருந்து தனி மின்சாரம் எடுத்து விளக்கு வயரை வெறும் சைகையாக மட்டும் படிக்கும் பைபாஸ் ரிலேயோதான் சரியான வழி. பேட்டரி இணைப்பின் ப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ட்ரெய்லர் பிளக் செருகும் சாக்கெட் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

மாடலுக்கான கிட் மாட்டியும், அதைக் காரின் கணினியில் பதிவு செய்யும் கோடிங்கைச் செய்யாமல் விடுவது அடுத்தது. ட்ரெய்லர் இருப்பது காருக்குத் தெரியாவிட்டால், ரிவர்ஸ் சென்சார் ட்ரெய்லரைப் பார்த்து ஓயாமல் கத்தும், வால் ஆட்டத்தை அடக்கும் வசதி பல கார்களில் வேலைக்கே வராது. ட்ரெய்லரில் எல்இடி விளக்கு இருந்தால் கிட் அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். காரின் பல்பு சோதனை மின்துடிப்பில் எல்இடி மினுக்கும், அல்லது பல்பு போய்விட்டதென்று இண்டிகேட்டர் வேகமாக அடிக்கும்.

7 முனை சாக்கெட்டில் மூன்றாவது முனை, வெள்ளை வயர், எர்த். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதுதான். 13 முனையில் 3, 11, 13 என்று மூன்று எர்த். நிரந்தர மின்சாரம் 9இல், அதற்கான எர்த் 13. இக்னிஷன் போட்டால் வருவது 10இல், அதற்கு 11. மூன்றையும் ட்ரெய்லர் பக்கம் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

சோதனையை மல்டிமீட்டரோடு நிறுத்தாதீர்கள். துருப்பிடித்த எர்த்தும் மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும். பல்பு ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். உண்மையான ட்ரெய்லரை மாட்டி, ஹெட்லைட், பிரேக், ஒரு பக்க இண்டிகேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

பிரேக் உள்ள ட்ரெய்லரின் பாதுகாப்புக் கம்பியை (ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துப் போடுவது) டோபாரில் அதற்கென உள்ள வளையத்தில் மாட்டுங்கள். உருண்டையின் கழுத்தில் சும்மா போட்டால், கப்ளிங் கழலும் அதே நொடியில் கம்பியும் நழுவிவிடும். கழற்றக்கூடிய கழுத்து என்றால், பூட்டின் குறி சரியான நிறத்துக்கு வந்ததா என்று பார்த்து, சாவியையும் எடுத்துவிடுங்கள். 1,000 கிலோமீட்டர் இழுத்த பிறகு டார்க் ரென்ச்சோடு மறுபடி காருக்கு அடியில் போய், எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று சரிபாருங்கள்.