குடைக்குள் எறும்பு: டவர் லைனுக்குக் கீழே மின்புலத்தை உணர்வது எப்படி

தோவாளைப் பக்கம் எங்கள் பிச்சித் தோட்டம். காற்றாலை கரண்டைக் கொண்டுபோகும் டவர் லைன் ஒன்று அதன் குறுக்கே போகிறது. பூ எடுத்து முடித்து, வெயிலுக்குக் குடை பிடித்து வந்த மாமி திடீரென்று குடையைக் கீழே போட்டார். "மருமவனே, குடைக்குள்ள எறும்பு கெடக்கு, கடிக்கு!" உதறிப் பார்த்தேன். ஒரு எறும்பும் இல்லை.

குடைக்குப் பிடி பிளாஸ்டிக், தண்டு இரும்பு. மேலே போகும் லைனின் மின்புலம், அதாவது கம்பியைத் தொடாமலே சுற்றிலும் எட்டும் அதன் மின்விசை, அந்தத் தண்டில் மின்னூட்டத்தைத் தூண்டிவிடும். மாமியின் வெறுங்கால் மண்ணில். விரல் தண்டை உரசியும் உரசாமலும் இருக்கும்போது நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியில் பொறி தாவும். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 தடவை உச்சத்துக்குப் போய்த் திரும்பும். அதனால்தான் ஒரே குத்தாக இல்லாமல், சுள்ளெறும்பு வரிசையாகக் கடிப்பதுபோல் இருக்கிறது. இதற்கு வைத்தியம் எளிது: ஒரு விரலைத் தண்டில் அழுத்தி வைத்தபடியே நடங்கள். இடைவெளி இல்லையென்றால் பொறியும் இல்லை. சைக்கிள் கைப்பிடி உறைக்கு வெளியே பிரேக் கம்பி சுருக்கென்றாலும் இதே கதைதான்.

குடை இல்லாமல் உணர வேண்டுமா? இரண்டு டவருக்கு நடுவே, கம்பி தொய்ந்து தாழ்ந்திருக்கும் இடத்தில் நில்லுங்கள்; புலம் அங்கேதான் அதிகம். மரத்தடி வேண்டாம், மரம் மறைத்துவிடும். சட்டைக் கையைச் சுருட்டி, வெறுங்கையைத் தலைக்குச் சற்று மேலே தூக்கினால் போதும். முழங்கை ரோமம் மெல்லச் சிலிர்க்கும். சிலந்தி நூல் பட்டதுபோல. ரோமம்தான் அதிர்கிறது, தோலுக்கு அது தெரிகிறது. மின்புலத்துக்கென்று மனிதனுக்குத் தனிப் புலன் கிடையாது.

ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இருக்கிறதே, அது சும்மாவே ரோமத்தை ஆட்டும். ஆடி மாதம் சோதித்துவிட்டு "எனக்குத் தெரிஞ்சுது" என்பவரை நான் நம்பமாட்டேன். பங்குனி, சித்திரையில் இலை அசையாத நேரமாகப் பாருங்கள். தூறலில் லைன் 'உஸ்ஸ்' என்று இரைவதைக் கேட்டு மனசு சிலிர்ப்பதும் கணக்கில் சேராது.

ஒன்றும் தெரியவில்லையென்றால் கவலை வேண்டாம். மீட்டருக்கு 2 முதல் 5 கிலோவோல்ட் வரையிலான புலத்தை உணர்பவர்கள் பத்தில் ஒருவர்தான். அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010-இல் பொதுமக்களுக்குச் சொன்ன வரம்பும் 50 ஹெர்ட்ஸுக்கு மீட்டருக்கு 5 கிலோவோல்ட்தான். எனக்கு இடது கையில் மட்டும் தெரியும். வலது கையில் ரோமம் குறைவு.

ஒன்று மட்டும்: தொரட்டிக்கம்பு, அலுமினிய ஏணி, தண்ணீர்க் குழாய் எதையும் லைனுக்குக் கீழே நிமிர்த்தாதீர்கள். கம்பியில் படவேண்டும் என்றுகூட இல்லை, கிட்டப் போனாலே கரண்ட் தாவும்; அது எறும்புக்கடி இல்லை. லைனோடு சேர்ந்து நீளமாக ஓடும் கம்பிவேலி சுள்ளென்றால், பிடித்துப் பார்க்காமல் மின்வாரியத்தில் சொல்லி எர்த் போடச் சொல்லுங்கள்.

மாமியிடம் விரல் வித்தையைச் சொல்லிப் பார்த்தேன். கேட்பாரா? லைன் வந்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறார்.