உள்நுழைய முடிகிறது, கோப்புப் பட்டியல் வரவில்லையா?

எஃப்டிபி (கோப்புகளை இணையம் வழி அனுப்பிப் பெறும் முறை) சர்வர் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட பிறகு, கோப்புப் பட்டியல் வர வேண்டிய இடத்தில் இணைப்பு அசையாமல் நின்றால், கோளாறு பெரும்பாலும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில்தான் இருக்கும். கட்டளைகள் 21ஆம் போர்ட்டில் (எண்ணிட்ட இணைப்பு வாயிலில்) செல்கின்றன. பட்டியலும் கோப்புகளுமோ, தரவு இணைப்பையும் நம் கணினியே தொடங்கும் பாசிவ் முறையில், சர்வர் அவ்வப்போது திறக்கும் வேறொரு போர்ட்டில் வருகின்றன.

ஃபைல்ஜில்லா என்னும் எஃப்டிபி மென்பொருளின் செய்திப் பகுதியில் 227 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதிலுள்ள ஆறு எண்களில் முதல் நான்கு ஐபி முகவரி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட் கிடைக்கும். 195, 149 என்று முடிந்திருந்தால் அது 50069. முகவரி 192.168 என்று தொடங்கினால், சர்வர் தன் உள் முகவரியை வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் பொது ஐபியைக் குறிப்பிட வேண்டும்.

அடுத்து, பாசிவ் போர்ட்டுகளை 50000 முதல் 50100 வரை என்று சர்வரில் வரையறுத்து, அதே வரம்பை ஃபயர்வாலில் டிசிபிக்கு (எஃப்டிபி பயன்படுத்தும் இணைப்பு வகை) திறந்துவிட்டு, எஃப்டிபி சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். கிளவுட் சர்வரானால் அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் தனி ஃபயர்வால் இருக்கக்கூடும். அதை மறந்து ஒரு மாலைப்பொழுதையே நான் வீணாக்கியிருக்கிறேன்.

இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் பயன்படுத்தினால் கட்டளைகள் மறையாக்கப்படுவதால், போர்ட்டைத் தானே கண்டறியும் ஃபயர்வால் வசதி உதவாது. இந்த வரம்பு கட்டாயம். என்னைக் கேட்டால், கோப்புகளை மறையாக்கி அனுப்பும், 22ஆம் போர்ட் ஒன்றே போதுமான எஸ்எஃப்டிபிக்கு மாறிவிடலாம்.