பலதும் செய்தவருக்கு ஒரு சீவி (CV, சுயவிபரக் கோவை): பிரீலான்ஸ் வேலைகளை எழுதும் முறை

காலையில் மொழிபெயர்ப்பு, பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறில் கல்யாண வீடியோ எடிட்டிங். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படி உழைக்கும் தமிழ் இளையோர் நிறையப் பேர். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. நியமனக் கடிதம் இல்லை, சேவைச் சான்றிதழ் இல்லை, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கமும் இல்லை. அதனால் பலர் அந்த ஆண்டுகளை விட்டுவிட்டு, உயர்தரப் பெறுபேற்றோடு சீவியை முடித்துவிடுகிறார்கள். பட்ட பாட்டை நீங்களே மறைப்பது அநியாயம். அதைக் காட்டும் வழி இதுதான்.

படி 1: எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டுங்கள்

வட்ஸ்அப் உரையாடல்கள், அனுப்பிய மின்னஞ்சல்கள், வங்கிக் கணக்கில் வந்த காசு ஆகிய மூன்றையும் புரட்டினால் மறந்த வேலைகளும் வெளியே வரும். யாருக்கு, என்ன, எந்த மாதங்களில், முடிவில் என்ன கிடைத்தது என்று குறியுங்கள். உறவினர் கடைக்குக் காசு வாங்காமல் செய்த பேஸ்புக் விளம்பரத்தையும் சேருங்கள். வேண்டாததைப் பிறகு கழிக்கலாம்.

படி 2: வேலை விளம்பரத்தைப் பார்த்து வகை பிரியுங்கள்

மாதவாரியாகப் பட்டியலிட்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேலை மாறியவர் போலத் தெரியும். ஆகவே தொழில்வகையால் பிரியுங்கள்: எழுத்தும் மொழிபெயர்ப்பும், கற்பித்தல், வீடியோ. கேட்கும் வேலைக்கு நெருங்கிய வகை மேலே வரட்டும், மற்றவை சுருங்கட்டும். பயிற்சியாளர் வேலைக்குப் போகிறவருக்குச் சாதாரண தர மாணவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்ததுதான் முதல் வரி. அதே ஆள் விளம்பர நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் ரியூசனுக்கு ஒரு வரியே போதும்.

படி 3: ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவாருங்கள்

இதுதான் முக்கியமான படி. சிதறிய வேலைகளுக்கெல்லாம் ஒரு பதவிப் பெயரும் ஒரு காலமும் கொடுங்கள்:

சுயாதீன மொழிபெயர்ப்பாளர், வீடியோ எடிட்டர்
கொழும்பு | 2021 முதல் இன்றுவரை

இதன் கீழே மூன்று நான்கு வரிகளில் தெரிந்தெடுத்த வேலைகள். இப்போது வாசிப்பவர் காண்பது தொடர்ச்சியான உழைப்பை. பெயருக்கு ஒரு கம்பனியை உருவாக்கி 'பணிப்பாளர்' என்று போட வேண்டாம், நேர்முகத்தில் அது நிற்காது. பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர் பதிந்திருந்தால் அந்தப் பெயரைத் தாராளமாகப் போடுங்கள்.

படி 4: வரியில் வேலை தெரியட்டும்

"மொழிபெயர்ப்பு செய்தேன்" என்றால் எதுவும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கு 40 பொருட்களின் விபரங்களைச் சிங்களத்திலிருந்து தமிழாக்கி, இணையக் கடையில் ஏற்றினேன்." அளவு, மொழி, முடிவு மூன்றும் வந்துவிட்டன. வாடிக்கையாளர் பெயரை வெளியிட அனுமதி இல்லையென்றால் இப்படித் தொழிலை மட்டும் சொன்னாலே போதும்.

மொழிகளுக்குத் தனிப் பகுதி கொடுங்கள். வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று பிரித்துக் காட்டுங்கள். கடைத்தெருவில் பழகிய சிங்களத்தைப் பலர் எழுதாமலே விடுகிறார்கள். கொழும்பில் வாடிக்கையாளரோடு பேசும் எந்த வேலைக்கும் அது பெரிய பலம். பேச வரும், எழுத வராது என்றால் அதையே உள்ளபடி எழுதலாம்.

வேலை செய்தே தொழில் பழகியவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் பெறுவதைப் பற்றி, அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டாவில் (NAITA) விசாரியுங்கள்.

படி 5: சொந்த விபரத்தைக் குறையுங்கள்

மதம், திருமண நிலை, பெற்றோர் பெயர் எல்லாம் பழைய பழக்கம். கேட்டால் மட்டும் கொடுங்கள். அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. அதிலிருந்தே பிறந்த ஆண்டையும் நாளையும் கணக்கிடலாம். பெண்களுக்கு நாளின் எண்ணோடு 500 கூட்டியிருப்பதால் பாலும் தெரிந்துவிடும். முன்பின் தெரியாத பத்து இடங்களுக்குப் போகும் தாளில் அது எதற்கு? தொலைபேசி, மின்னஞ்சல், வசிக்கும் பகுதி, வேலை மாதிரிகளுக்கான இணைப்பு ஆகியவை போதும்.

படி 6: சிபாரிசு செய்பவர்கள்

உறவினரல்லாத இருவரைப் போடுவது இங்கு வழக்கம். மேலதிகாரி இல்லாத உங்களுக்கு, திரும்பத் திரும்ப வேலை தந்த வாடிக்கையாளரே சிறந்தவர். முதலில் அழைத்துச் சம்மதம் கேளுங்கள். எந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

படி 7: அனுப்பும் முன்

கொழும்புத் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சீவியையே எதிர்பார்க்கும். தமிழ் ஊடகங்களுக்குத் தமிழில் அனுப்புவதாக இருந்தால் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குழம்பித் தெரியும். யுனிகோடில் தட்டி, பி.டி.எப். ஆக்கி, இரண்டு பக்கத்துக்குள் நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் கேட்டாலும் படம் பிடித்து அனுப்பாமல் கோப்பாகவே அனுப்புங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் விண்ணப்பிக்கும் பதவியும் இருக்கட்டும்.