மணிவிழாப் படம் தொகுக்கும்போது: ஒலி நழுவல், சீப்புக் கோடு, நிற மாற்றம் ஆகியவற்றைத் தீர்க்கும் வழி

திருக்கடையூரில் நடந்த என் பெற்றோரின் மணிவிழாவை 40 நிமிடப் படமாகத் தொகுக்க உட்கார்ந்தபோது என்னிடம் மூன்று வகைக் காட்சிகள் இருந்தன. 2004ஆம் ஆண்டு அக்காவின் திருமணத்தில் எடுத்த மினி டிவி (MiniDV என்ற சிறு டிஜிட்டல் வீடியோ கேசட்) டேப்புகள், விழா நாளில் உறவினர்கள் கைபேசியில் பிடித்தவை, வாட்ஸ்அப் வழியாக வந்து சேர்ந்த சிறு துண்டுகள். அவற்றை ஒரே டைம்லைனில் (தொகுப்பு மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடம்) வைத்தவுடன் தவில் அடி ஒரு நேரமும் அதன் ஓசை ஒரு நேரமுமாகப் பிரிந்தன. ஆரத்தித் தட்டு சுழலும்போது அதன் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் விழுந்தன. அம்மாவின் அரக்குப் பட்டு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. இவற்றைத் தீர்க்க நான் இரண்டு வாரம் விளைவு அமைப்புகளையே திருகிக் கொண்டிருந்தேன். கோளாறு விளைவுகளில் இல்லை. நான் உள்ளே கொண்டுவந்த கோப்புகளில் இருந்தது. பொழுதுபோக்காகத் தொகுப்பவர்கள் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே என்பதால், இந்த வழிகாட்டி கோப்பிலிருந்து தொடங்குகிறது.

முதலில் கோப்பைப் படியுங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, தொகுக்கப் போகும் ஒவ்வொரு கோப்பையும் அதில் திறந்து பாருங்கள். கவனிக்க வேண்டியவை ஐந்து: ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்பது) நிலையானதா மாறக்கூடியதா, ஸ்கேன் வகை புரோகிரஸிவா (ஒரே கணத்தின் முழுப் படம்) இன்டர்லேஸ்டா (இரு கணங்களின் வரிகள் கலந்த படம்), கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) எது, நிற விவரம் என்ன, ஒலியின் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது என்பது) எவ்வளவு. இதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒரு காட்சி தகராறு செய்யும்போது அது மற்றவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். அதே சமயம், எந்தத் தீர்வையும் முழுப் படத்தின் மீது சோதிக்காதீர்கள். சிக்கல் தெரியும் இடத்திலிருந்து 20 நொடியை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மாற்றி, எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். இரண்டு அமைப்புகளைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஒலி நழுவுவது

உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை என்றால், முதலில் புளூடூத் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கம்பி இணைப்பில் கேளுங்கள். புளூடூத்தில் ஒலி தாமதமாக வருவது இயல்பு. அதை நம்பிக் கோப்பைத் திருத்தப் போய் நன்றாக இருந்ததைக் கெடுத்தவர்கள் பலர். அதன் பிறகும் பொருந்தவில்லை என்றால், காட்சியின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் கூர்மையான ஓசை ஒன்றைத் தேடுங்கள். தேங்காய் உடைவது, கைதட்டல், தவிலில் விழும் கோல் என எதுவானாலும் சரி. கோல் தோலைத் தொடும் ஃபிரேமில் நின்றுகொண்டு, ஒலி அலையின் கூர்முனை அதிலிருந்து எத்தனை ஃபிரேம் தள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று இடத்திலும் ஒரே எண்ணிக்கை வந்தால் ஒலித் தடத்தை அத்தனை ஃபிரேம் நகர்த்தினால் வேலை முடிந்தது. எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போனால் அது வேறு நோய்.

அந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் மாறும் ஃபிரேம் ரேட். கைபேசி நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும், வெளிச்சம் குறைந்த மண்டபத்திலும் கருவி சூடான நேரத்திலும் அது சில ஃபிரேம்களைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேரத்தை மட்டும் கோப்பில் எழுதி வைக்கும். படம் ஓட்டும் செயலிகள் அந்த நேரக் குறிப்பைப் படித்துச் சரியாக ஓட்டுகின்றன. சில தொகுப்பு மென்பொருள்களோ அதைப் பொருட்படுத்தாமல் ஃபிரேம்களைச் சம இடைவெளியில் அடுக்கிவிடுகின்றன. 20 நிமிடக் காட்சி ஒன்றின் உண்மையான சராசரி 29.94 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 35,928 ஃபிரேம்கள் இருக்கும். அவற்றை நொடிக்கு 30 என்று அடுக்கினால் படம் 1197.6 நொடியில் முடிந்துவிடும். ஒலியோ 1200 நொடி ஓடும். கடைசியில் 2.4 நொடி வித்தியாசம் நிற்கும். அதாவது தாலி கழுத்தில் ஏறிய பிறகுதான் கெட்டிமேளம் கேட்கும்.

இதற்குத் தீர்வு, தொகுக்கத் தொடங்கும் முன்பே கோப்பை நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்வதே. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்று மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 30 என்று தேர்ந்தெடுத்து, அதனுடன் உள்ள 'கான்ஸ்டன்ட்' என்ற தெரிவைக் குறியுங்கள். தர எண்ணை (இது குறையக் குறையத் தரம் கூடும்) 16 அளவில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு இருக்காது. ஷாட்கட் என்ற தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் எளிது. அது மாறும் ஃபிரேம் ரேட் உள்ள கோப்பைத் தானாகவே கண்டுகொண்டு, தொகுப்பதற்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றவா என்று கேட்கும். சம்மதித்துவிடுங்கள். கேடென்லைவ் என்ற தொகுப்பு மென்பொருளும் இப்படிக் கேட்கக்கூடியதே. ஏற்கெனவே பாதி தொகுத்துவிட்ட படத்தில் மாற்றினால் வெட்டிய இடங்களெல்லாம் இடம் பெயர்ந்துவிடலாம் என்பதால், இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தால், இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை என்பதால் ஒரு மணி நேரத்தில் சில ஃபிரேம்கள் விலகுவது இயல்பு. பேச்சுக்கு நடுவே மௌனம் வரும் இடங்களில் வெட்டிச் சிறிது நகர்த்தினால் போதும். ஒலி நழுவுவதோடு குரல் கீச்சென்று உயர்ந்தும் கேட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 48 என்று எடுத்துக்கொண்டு எங்கோ ஓட்டுகிறீர்கள்.

பழைய டேப்புகளும் சீப்புக் கோடுகளும்

மினி டிவி டேப்பில் இருப்பது டிஜிட்டல் பதிவு. ஆகவே அதை ஃபயர்வயர் (கேமராவிலிருந்து கணினிக்கு டிஜிட்டலாகவே கொண்டுசெல்லும் இணைப்பு) கேபிள் வழியாக அப்படியே நகலெடுக்க வேண்டும். கேமராவின் மஞ்சள் வீடியோ முனையிலிருந்து பிடித்தால் தரம் வீணாகும். ஒரு மணி நேர டேப் ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். இடம் அதிகம் என்று நினைத்து அப்போதே சுருக்கிவிடாதீர்கள். டேப் ஒவ்வோர் ஆண்டும் பழுதாகிக்கொண்டே இருக்கிறது, அதை ஓட்டும் கேமராவும் அப்படித்தான். நகலெடுக்கும் வேலையை இந்த மாதமே செய்துவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊரில் விற்ற மினி டிவி கேமராக்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் பதிவு செய்தவை. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே கணத்தின் படம் அல்ல. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளிய மற்றொரு கணத்தையும் காட்டும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால் அசைவு வழுக்கிக்கொண்டு சென்றது. இன்றைய திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால், அசையும் பொருளின் விளிம்பு மட்டும் சீப்பாகிறது. அசையாத சுவரில் கோடு இல்லாமல் வீசும் கையில் மட்டும் இருந்தால், அது இதுதான்.

இங்கே ஒரு வரிசையை மீறக் கூடாது. முதலில் டிஇன்டர்லேஸ் (இரு கணங்களின் வரிகளைப் பிரித்து முழுப் படமாக்குவது), அதன் பிறகே அளவு மாற்றம், நிலைப்படுத்தல், மங்கலாக்கம் எல்லாம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். 576 வரியை 1080 வரியாகப் பெரிதாக்கிய பின் கோடுகளை நீக்கப் பார்த்தேன். பெரிதாக்கும்போது இரு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. அக்காவின் கை ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு பேய்க் கைகளாகத் தெரிந்தது. அப்படிக் குழைந்ததை எந்த வடிப்பானாலும் பிரித்தெடுக்க முடியாது. மூலக் கோப்புக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

ஹேண்ட்பிரேக்கின் வடிப்பான் பகுதியில் டிஇன்டர்லேஸைத் தேர்ந்து, அதில் 'பாப்' என்ற முறையை எடுங்கள். அது ஒவ்வொரு பாதியையும் ஒரு முழு ஃபிரேமாக்கி நொடிக்கு 50 ஃபிரேம் தரும். ஆடலும் ஓட்டமும் அன்று பார்த்த அதே வழவழப்போடு திரும்பி வரும். சாதாரண முறை 25 ஃபிரேமோடு நிறுத்திவிடுவதால் பாதி அசைவு போய்விடும். நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் ஏவிசிந்த் அல்லது வேப்பர்சிந்த் (கட்டளை வரிகள் எழுதி வீடியோவைச் செப்பனிடும் மென்பொருள்கள்) வழியாகக் க்யூடிஜிஎம்சி என்ற முறையைப் பயன்படுத்தலாம். அது மிக மெதுவாக ஓடும், ஆனால் பட்டுச் சேலையின் ஜரிகைக் கோடு நடுங்காமல் நிற்பதை அதில்தான் கண்டேன். மாற்றிய பிறகு அசைவு முன்னும் பின்னுமாக உதறினால் ஃபீல்டு வரிசை (வரிகளின் இரு பாதிகளில் எது முதலில் என்பது) தவறாக எடுக்கப்பட்டிருக்கிறது. மினி டிவியில் கீழ் ஃபீல்டே முதலில் வரும். முகங்கள் ஒடுங்கித் தெரிந்தால், 720க்கு 576 என்பதைச் சதுரப் பிக்சலாக எடுத்துக்கொண்டிருக்கிறது; நான்குக்கு மூன்று விகிதப் படத்தை 768க்கு 576 என்று வைத்தால் சரியாகும்.

இப்படி 50 ஃபிரேம் டேப்பும் 30 ஃபிரேம் கைபேசியும் கலக்கும்போது டைம்லைனை எந்த எண்ணில் வைப்பது என்ற கேள்வி வரும். நான் 50ஐத் தேர்ந்தேன். 25இல் வைத்தால் கைபேசிக் காட்சியில் ஆறில் ஒரு ஃபிரேம் கழிந்து, கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது துள்ளும். டேப்பிலும் பாதி போய்விடும். 50இல் சில ஃபிரேம்கள் இருமுறை வருமே தவிர எதுவும் கழிவதில்லை. அடுத்த விழாவுக்கு எல்லோருடைய கைபேசியையும் முன்கூட்டியே 25இல் வைக்கச் சொல்லுங்கள். ஐபோனில் பால் வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் அது கிடைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. ஓடிவிட்ட பட்டையை வடிப்பான்கள் ஓரளவே மறைக்கும்.

நிறமும் வேகமும்

டேப்பின் நிறங்கள் ரெக் 601 என்ற முறையிலும் எச்டி படங்களின் நிறங்கள் ரெக் 709 முறையிலும் எழுதப்பட்டவை. முன்னதைப் பின்னதாகப் படித்தால் சிவப்பு ஆரஞ்சாகச் சாயும். என் அம்மாவின் பட்டுக்கு நேர்ந்தது அதுவே. கோப்பின் பண்புகளில் நிற முறையை 601 என்று திருத்தினேன், நிறத் திருத்தம் எதுவுமே தேவைப்படவில்லை. 2020இல் வந்த ஐபோன் 12 முதல் எச்டிஆர் (சாதாரணத்தைவிட அதிக ஒளி வீச்சுள்ள படம்) பதிவு பல கைபேசிகளில் தானாகவே இயங்குகிறது. மீடியாஇன்ஃபோ எச்எல்ஜி (எச்டிஆரின் ஒரு வகை) என்று காட்டும் கோப்பைச் சாதாரண டைம்லைனில் போட்டால் வேட்டியின் வெண்மை வெந்துபோகும். ஒளிச்சறுக்கியை இழுத்துச் சமாளிக்காமல், அதை முறையாக எஸ்டிஆருக்கு (சாதாரண ஒளி வீச்சுக்கு) மாற்றுங்கள்.

டைம்லைன் திணறினால் கணினியைக் குறை சொல்லும் முன் கோடெக்கைப் பாருங்கள். எச்.264, எச்.265 கோப்புகளில் முழுப் படம் எப்போதாவதுதான் இருக்கும். இடையிலுள்ளவை மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும். நீங்கள் ஒரு ஃபிரேமில் நிற்க, கணினி பின்னோக்கிப் போய் முழுப் படத்திலிருந்து கணக்கிட்டு வர வேண்டும். பிராக்ஸியை (தொகுக்கும்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல்) இயக்குங்கள், அல்லது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக வைக்கும் டிஎன்எக்ஸ்எச்ஆர், ப்ரோரெஸ் போன்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். 1080 வரி, 25 ஃபிரேமில் ப்ரோரெஸ் 422 நொடிக்கு 122 மெகாபிட் எடுப்பதால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 55 ஜிபி தேவைப்படும்.

எக்ஸ்போர்ட்

ரெண்டர் (தொகுத்த படத்தைக் கணினி ஒரே கோப்பாக எழுதும் வேலை) நடுவில் நின்றால், எங்கே நிற்கிறது என்று இரண்டு முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால் அந்த இடத்திலுள்ள காட்சியோ விளைவோ காரணம். அதை மட்டும் நீக்கிச் சோதியுங்கள். வெவ்வேறு இடத்தில் நின்றால் நினைவகம், சூடு, வட்டில் இடமின்மை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் படத்துக்கு எச்.264, 8 பிட், ஏஏசி ஒலி, எம்பி4 என்பது இன்றும் ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடும் சேர்க்கை. தர எண்ணை 18 முதல் 20 வரை வைத்து, அளவை என்கோடரிடமே விட்டுவிடுங்கள். அந்த எண் 6 குறைந்தால் கோப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். குறிப்பிட்ட அளவுக்குள் அடக்க வேண்டுமென்றால் மட்டும் பிட்ரேட் (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று குறிக்கும்) முறைக்குச் செல்லுங்கள். 40 நிமிடம் என்பது 2400 நொடி. நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 19,200 மெகாபிட், எட்டால் வகுத்தால் 2.4 ஜிபி. பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது; தொலைக்காட்சி ஏற்குமானால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேப்பை மட்டும் தனியாக யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் 1440க்கு 1080 ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். அங்கே நொடிக்கு 50 ஃபிரேம் 720 வரியிலிருந்துதான் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை சுருங்காமல் போய்ச் சேரும்.

முடித்த கோப்பைக் கணினியில் பார்த்ததோடு நிறுத்தாமல், உறவினர்கள் பார்க்கப் போகும் அதே தொலைக்காட்சியில், அதே பென்டிரைவில் ஒரு முறை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தின் முதல் அடி கோலோடு சேர்ந்து விழுகிறதா, கடைசி ஆரத்தியிலும் அப்படியே விழுகிறதா என்று சரிபார்த்துவிட்டு, மூலக் கோப்புகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுத்து வையுங்கள்.