சென்னையில் விண்மீன் பார்க்க ஏற்ற இடத்தைக் கண்டறிவது எப்படி?

நகருக்குள் முழு இருட்டான இடத்தைத் தேடிப் புறப்படும் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்துடன்தான் திரும்புகிறார்கள். சென்னையில் அப்படியோர் இடம் கிடையாது. இருட்டான திசை உண்டு. எந்தத் திசை வானத்தைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, ஊரின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்கத் தோதான இடத்தைத் தேட வேண்டும்.

முதற்படி, நாளைக் குறிப்பது. தேய்பிறை அஷ்டமியிலிருந்து வளர்பிறை திருதியை வரையிலான நாட்களில் முன்னிரவு வானத்தை நிலவொளி அதிகம் கெடுப்பதில்லை என்பதால், வீட்டு நாட்காட்டியே இதற்குப் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் தை, மாசி மாதங்கள் மிகவும் ஏற்றவை. போகிப் புகை சூழ்ந்திருக்கும் நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவதாக, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒளி மாசு வரைபடத்தில் உங்கள் பகுதியைப் பாருங்கள். செயற்கைக்கோள் தரவைக் கொண்டு வரையப்படும் இவ்வரைபடம் எந்தப் பகுதி ஒப்பீட்டளவில் இருட்டானது என்பதைக் காட்டும். உங்கள் தெருமுனை விளக்கு எந்தப் பக்கம் கண்ணைக் கூசச் செய்கிறது என்பதைக் காட்டாது.

அதை நேரில்தான் கண்டறிய வேண்டும், பெரும்பாலானோருக்கு அது மொட்டை மாடியிலேயே தொடங்குகிறது. மாடியில் நின்று தரையைப் பாருங்கள். உங்கள் நிழல் தெளிவாக விழுந்தால், ஏதோ ஒரு விளக்கு உங்கள் மீது நேராக ஒளி வீசுகிறது என்று பொருள். நிழலுக்கு எதிர்த்திசையில் அந்த விளக்கு இருக்கும். தண்ணீர்த் தொட்டியோ மாடிப்படி அறையின் சுவரோ அதை மறைக்கும் இடத்துக்கு நகர்ந்து, 20 முதல் 30 நிமிடங்கள் கைப்பேசியைத் தொடாமல் காத்திருங்கள். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும் என்றாலும், விழித்திரை இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். வெள்ளை வெளிச்சத்தை ஒரு முறை பார்த்தாலும் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலி தேவைப்பட்டால் அதைச் சிவப்பு நிற இரவு அமைப்புக்கு முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

அடுத்து, இடத்தைச் சோதிக்க வேண்டும். இதற்குக் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைவிட நல்ல அளவுகோலை நான் அறியேன். அதன் மிகப் பிரகாசமான விண்மீனின் ஒளியளவு 2.9, ஆறாவதன் ஒளியளவு 4.3. எண் கூடக் கூட ஒளி மங்கும் என்பதால், ஆறையும் பிரித்து எண்ண முடிந்தால் அது நகருக்குள் அரிதாகக் கிடைக்கும் நல்ல இடம். இரண்டு மூன்று மட்டும் தெரிந்தாலும் பயன்படுத்தலாம். வெறும் மங்கல் திட்டாகத் தெரிந்தால் வேறு மூலைக்கு நகருங்கள். வெவ்வேறு இடங்களில் எண்ணிய எண்ணிக்கையைக் குறித்து வைத்தால், எது சிறந்தது என்பதில் குழப்பம் இருக்காது. இதே நகரின் நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில்தான் 1861-இல் வானியலாளர் நார்மன் போக்சன் ‘ஆசியா’ என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். நாம் இன்று ஆறு விண்மீன்களுக்கே அலைவதற்கு, இடைப்பட்ட காலத்தில் பெருகிய வெளிச்சமே பெருங்காரணம்.

மாடி ஒத்துவரவில்லை என்றால் கடற்கரைக்குச் செல்லலாம். மெரினாவின் உயர்கோபுர விளக்குகளும் கலங்கரை விளக்கமும் இடைஞ்சல் என்பதால், பெசன்ட் நகருக்கும் திருவான்மியூருக்கும் தெற்கே போவது நல்லது. ஜனவரி இறுதியில் இரவு எட்டு மணியளவில், தெற்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே, கடலுக்கு மேல் நீட்டிய கையின் இரண்டு முஷ்டி உயரத்தில் அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) தெரியும். தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதால், மணலில் டார்ச் அடிக்காதீர்கள். துணையின்றிச் செல்ல வேண்டாம். காவல்துறை அனுமதிக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம் வரை போக முடிந்தால், சென்னையின் வெளிச்சம் வானில் கவிக்கும் ஒளிக்கூடாரம் வடக்கே ஒதுங்கித் தென்வானம் நன்றாகத் தெளியும். மே மாத நடுவில் இரவு ஒன்பது மணியளவில் தென்சிலுவை நேர் தெற்கே நிற்கும். அதன் அடி விண்மீன் தொடுவானிலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே தெற்கே கட்டடமோ சவுக்குத் தோப்போ மறைக்காத இடமா என்பதைப் பகலிலேயே போய்ப் பார்த்து வந்துவிடுங்கள்.