பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். கருவியை மாற்றுவது எப்படி?

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். கருவியை (அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்சை) மாற்றிவிட்டு, கணினி நெட்வொர்க் வழியே பேசும் ஐ.பி. தொலைபேசிக்குப் போகலாம் என்று முடிவானதும், பெரும்பாலான அலுவலகங்கள் முதலில் விலைப்புள்ளி கேட்கின்றன. அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: அந்தக் கருவியோடு உண்மையில் என்னென்ன இணைக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. “60 எக்ஸ்டென்ஷன், ஒரு பி.ஆர்.ஐ. (ஒரே நேரத்தில் பல வெளி அழைப்புகளைச் சுமக்கும் இணைப்பு)” என்று சொன்னால் விற்பனையாளர் அதற்கேற்ற பெட்டியைக் கொடுத்துவிடுவார். லிஃப்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசியும், காவலர் அறை இன்டர்காமும், ஃபேக்ஸும், அறிவிப்பு ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியும் அந்தக் கணக்கில் விடுபட்டிருந்தால், அது கருவியை மாற்றிய மறுநாள்தான் தெரியவரும்.

கணக்கெடுப்பை, தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் கிரோன் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். சாதாரணத் தொலைபேசி ஒன்றை ஒவ்வொரு ஜோடிக் கம்பியிலும் இணைத்துப் பார்த்து, டயல் டோன் வந்தால் வரவேற்பறையை அழைத்து, அங்கே திரையில் எந்த எண் தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஜோடி எந்த அறையில் போய் முடிகிறது என்பதையும் நேரில் சென்று பார்த்துவிடுங்கள். பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் பட்டியலை நம்ப வேண்டாம். அதில் பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

இந்தக் கட்டத்தில் பழைய கருவியை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. அதன் அமைப்புகள் சிறிய பேட்டரி ஒன்றின் துணையில் நினைவகத்தில் இருப்பது வழக்கம் என்பதால், அந்த பேட்டரி செத்திருந்தால், அணைத்து எழுப்பும்போது எல்லாம் அழிந்துபோகலாம். ஹண்டிங் வரிசை (ஓர் எண் பேச்சில் இருந்தால் அழைப்பு அடுத்து எந்த எண்ணுக்குப் போகும் என்பது), யாருக்கு எஸ்.டி.டி. உண்டு, எந்த வெளி எண் எந்த மேசைக்கு வருகிறது ஆகியவற்றைக் கருவி ஓடும்போதே எடுத்து, அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எண் அமைப்பு. பல அலுவலகங்களில் எக்ஸ்டென்ஷன்கள் 101-இல் தொடங்குகின்றன. அப்படியானால் 108 ஒரு மேசையின் எண்; 112 இன்னொரு மேசையின் எண். யாரேனும் மயங்கி விழுந்த பதற்றத்தில் ஆம்புலன்ஸுக்கு 108 அடிப்பவருக்குக் கணக்குப் பிரிவில் மணி அடிக்கும். பழைய கருவியில் வெளியே போக 0 அடிக்கும் பழக்கம் இருந்ததால் இந்தச் சிக்கல் கண்ணில் படாமல் இருந்திருக்கும். மாற்றத்தை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டு எக்ஸ்டென்ஷன்களை 2-இல் தொடங்குமாறு அமையுங்கள். 108, 0108 என எப்படி அடித்தாலும் அழைப்பு வெளியே போக வேண்டும், 112-க்கும் அப்படியே. தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க எண்ணுக்கு முன் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்ணை அடித்தால் கருவியே அந்த 0-வைச் சேர்த்துக்கொள்ளுமாறு செய்துவிட்டால், ஊழியர்கள் இரண்டு பூச்சியங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய கருவியை இரண்டு ஈ1 முகப்புகள் (பி.ஆர்.ஐ. இணைப்பைச் செருகும் இடங்கள்) உள்ளதாக வாங்கி, வெளியிலிருந்து வரும் பி.ஆர்.ஐ. இணைப்பை முதல் முகப்பிலும், பழைய கருவியின் பி.ஆர்.ஐ. கார்டை இரண்டாவது முகப்பிலும் இணைத்து, புதியதை நடுவில் உட்காரவைப்பதே பாதுகாப்பான வழி. மாறிவிட்ட எண்ணுக்கு வரும் அழைப்பைப் புதிய கருவி தானே எடுத்துக்கொள்ளும். மாறாத எண்ணுக்கு வருவதைப் பழையதிடம் தள்ளிவிடும். பழைய கருவியோ இன்னமும் எக்ஸ்சேஞ்சுடன் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதற்காக இரண்டாவது முகப்பை நெட்வொர்க் பக்கமாக, அதாவது எக்ஸ்சேஞ்சின் இடத்தில் இருப்பதாக, அமைக்க வேண்டும். இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. சாதாரண நெட்வொர்க் கேபிள் இதற்கு ஆகாது. ஒரு முனையின் 1, 2 ஊசிகள் மறுமுனையில் 4, 5-க்குப் போகும் ஈ1 கிராஸ் கேபிள் வேண்டும். கருவிகளை ஒரே தாளத்தில் ஓடவைக்கும் கடிகாரச் சமிக்ஞையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து புதியதற்கும், புதியதிலிருந்து பழையதற்கும் என ஒரே திசையில் வர வேண்டும். தவறினால் பேச்சில் டிக் டிக் என்ற ஓசை கேட்கும், ஃபேக்ஸ் பாதியில் அறுந்துபோகும். மாறிய எண்களை பி.ஆர்.ஐ. வழியே அனுப்பும் வழித்தடத்தைப் பழைய கருவியிலும் எழுத மறவாதீர்கள். இல்லையெனில் வெளி அழைப்புகள் சரியாக இருக்கும், பக்கத்து அறையை மட்டும் அழைக்க முடியாது.

பி.ஆர்.ஐ.-ஐ விட்டு, வெளி அழைப்புகளை ஐ.பி. வழியே கொண்டுவரும் எஸ்.ஐ.பி. டிரங்குக்கு மாறுவதாக இருந்தால், அதைக் கருவி மாற்றம் முழுதும் முடிந்த பிறகு தனி வேலையாகச் செய்யுங்கள். இப்போதுள்ள எண்கள் அப்படியே தொடரும் என்பதைத் தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

பழைய சாதாரணத் தொலைபேசிகளை, அவற்றை ஐ.பி. கருவியோடு இணைக்கும் எஃப்.எக்ஸ்.எஸ். கேட்வே மூலம் அதே கம்பியில் தொடர்ந்து பயன்படுத்தலாம். பட்டன் வரிசையும் திரையும் கொண்ட டிஜிட்டல் கருவிகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் கருவியோடு மட்டுமே பேசுபவை என்பதால் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது பயன்படா. ஃபேக்ஸையும் லிஃப்ட் தொலைபேசியையும் கருவி வழியாக அல்லாமல், நேரடித் தாமிரக் கம்பி இணைப்பில் வைப்பது மேல். ஐ.பி. தொலைபேசிக்கு நெட்வொர்க் வேகம் ஒரு பொருட்டே அல்ல: குரலைக் குறியீடாக்கும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்குச் சுமார் 90 கிலோபிட் போதும். மின்சாரம்தான் பொருட்டு. பழைய தொலைபேசிக்கு மின்சாரம் கருவியிலிருந்து கம்பி வழியே வந்தது. இனி ஒவ்வொரு மாடியிலும் உள்ள, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் பி.ஓ.இ. சுவிட்ச் யு.பி.எஸ்.ஸில் இருந்தால்தான் மேசையில் டயல் டோன் கேட்கும். இதைச் சோதிக்க மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் போல வசதியான நாள் வேறில்லை.

ஐ.பி. அழைப்புகள் வந்து சேரும் வாசலான, கருவியின் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்தால், விடுமுறை நாளில் யாரோ உங்கள் செலவில் ஐ.எஸ்.டி. பேசியிருப்பது பில் வரும்போதுதான் தெரியும், தேவையில்லாதவர்களுக்கு ஐ.எஸ்.டி.-யை அடைத்துவிடுங்கள்.

பிரிவு பிரிவாக மாற்றும்போது வரவேற்பறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மாறிய பின், இரண்டாவது ஈ1 முகப்பின் அழைப்புப் பதிவை மாதக் கடைசி உட்பட ஒரு முழு மாதம் கவனித்து வாருங்கள். அதில் ஓர் அழைப்பு தென்பட்டாலும் யாரோ இன்னும் பழைய கருவியில் இருக்கிறார் என்று பொருள். அவரைத் தேடிப்பிடித்து மாற்றிய பிறகே ஏ.எம்.சி.-யை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை) ரத்துசெய்து, பழைய கருவியை அணைத்து, அதன் பேட்டரிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம்.